கண்ணாடி மூடிக்கு ஒரு ஸ்டாப்பர்

பிப்ரவரி 18, ஞாயிறு

பெயின்ட் கம்பெனிக்காரன் ஓசியில் கொடுத்த டைரி இது. ஒண்ணரை மாசமாக என்ற வீட்டுக்காரி இதில் புள்ளி வைத்துக் கோலம் போட்டுப் பழகிக்கொண்டிருந்தாள். இன்னையிலிருந்து என்னுது. மச்சான் உத்தரவு.

நான் அஞ்சாங்கிளாசோடு நின்னவன். கரூரில் பஸ் பாடி கட்டற பட்டறையில் முப்பது வருசமாக ஜன்னல் ஷட்டர் போடற வேலை. பஸ்ஸில் போகும்போது கண்ணாடியைத் தள்ளினதும் வழுக்கிக்கொண்டு போனால் அது இந்தப் பொங்கியண்ணன் போட்டது. மல்லுக்கட்டினால் பக்கத்துப் பட்டறைக்காரன் போட்டது.

மச்சான் என்றால் என்ற அக்கா செல்லாத்தாளின் வீட்டுக்காரர் நாச்சிமுத்து. ஏர்போர்ஸில் இருபத்தெட்டு வருசம் மெக்கானிக். ரிட்டயர் ஆனதும் மத்தவங்க மாதிரி மாடு வாங்காமல், தோட்டத்தில் ஷெட் போட்டு ஏரோப்ளேன் கட்ட ஆரம்பிச்சார். எட்டு வருசம் ஆச்சு. ரெண்டு பேர் உட்காரற அளவு. "மச்சான், முட்டை எப்பங்க பொரியும்?" என்று வாராவாரம் கேட்பேன். அக்கா புருசனைக் கிண்டல் பண்ணாத மச்சினனுக்குச் சோறு செமிக்காது.

போன வாரம் ப்ளேன் சோதிக்கற ஆபீசர் வந்து பார்த்துப் பதினோரு குறை எழுதிக் கொடுத்தார். பத்தை மச்சானே முடிச்சுட்டார். பதினொண்ணாவது எனக்கு. ப்ளேனுக்கு மேலே கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் மூடி. அவர் கேனப்பி என்பார், எனக்கு வாயில் நுழையவில்லை. அது தண்டவாளத்தில் முன்னும் பின்னும் ஓடும். பின்னாடி தள்ளும்போது கடைசியில் பிடிச்சு நிறுத்த ஒரு ஸ்டாப்பர் வேணும். இல்லாவிட்டால் மூடி தண்டவாளத்தை விட்டுக் கழண்டு விரிசல் விட்டுப் போகும். ஸ்டாப்பர் போட்டு ஆபீசர் கையெழுத்து வைத்தால் பறக்கலாம். ப்ளேன் ஓட்ட உடம்பு சரியாக இருக்குதுன்னு மச்சானுக்கு டாக்டர் கொடுத்த சர்ட்டிபிகேட் மார்ச் 31 வரைக்கும்தான். அதுக்குள் பறந்தாகணும்.

"அன்னன்னைக்கு என்ன செஞ்சேன்னு தேதி போட்டு எழுதி வெய்யி. ஞாயித்துக்கிழமை சொல்லு, நான் பெரிய நோட்டுல ஏத்திக்கறேன். ஒரு நாள் வேலைடா மாப்ள."

"அரை நாள் வேலைங்க மச்சான். மீதி அரை நாளைக்கு அக்கா கோழி அடிக்கட்டும்."

வேலை: தண்டவாளம் அளந்தது.

பிப்ரவரி 20, செவ்வாய்

பட்டறை விட்டதும் ஷெட்டுக்குப் போனேன். மச்சான் ப்ளேனுக்குள் உட்கார்ந்து எனக்குச் சாமான் பேர் சொல்லிக்கொண்டிருந்தார். பாதிப் பேச்சில் நின்னு போச்சு. கண் திறந்துதான் இருந்தது. வாய் மட்டும் எதையோ மெல்லற மாதிரி அசைஞ்சது. வலது கை முன்னாலிருந்த கம்பியைப் பிடிச்சபடி மரக்கட்டையாட்டம் ஆயிடுச்சு. நான் தமாசுன்னு நெனைச்சு, "என்னுங்க மச்சான், வெத்தல பாக்கா?" என்றேன். பதில் இல்லை. கூப்பிட்டேன், உலுக்கினேன். ஆள் உள்ளேயே இல்லை.

அரை நிமிசம் இருக்கும். திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து பேசினார். நான் வேர்த்து நிக்கிறதைப் பார்த்ததும் அவருக்கே தெரிஞ்சு போச்சு.

"எத்தனை தடவைங்க வந்திருக்குது?"

"தெரிஞ்சு நாலு. பொங்கலுக்கு அப்புறந்தான்."

"ஆஸ்பத்திரிக்குப் போலாமுங்க."

"போனா சர்ட்டிபிகேட்டப் புடுங்கிருவாங்கடா. அப்புறம் இந்த ஜென்மத்துல கெடைக்காது." மூடியைத் தடவிப் பார்த்தார். "இருபத்தெட்டு வருசம் அடுத்தவனை ஏத்தி விட்டு வெளிய நின்னு மூடியச் சாத்தினேன். ஒரே ஒரு தடவை உள்ள உக்காந்து நானே சாத்திக்கோணும். அப்புறம் எந்த ஆஸ்பத்திரிக்குக் கூப்புட்டாலும் வர்றேன்."

கையை நீட்டினார். "உங்கக்கா தாலி மேல சத்தியம். யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு அடி."

நீட்டின கையை அவர் இறக்கவே இல்லை. அதைப் பார்த்து அடிச்சுட்டேன்.

வர்ற வழியில் பைக்கை ஓரங்கட்டி நின்ன பிறகுதான் புத்தி வந்தது. சொன்னால் சத்தியம் தப்பி அக்கா தாலி போகும். சொல்லாவிட்டால் இவர் ஏறிப் போய் அந்தரத்தில் வெத்தலை மெல்லுவார், அப்பவும் அக்கா தாலி போகும். எந்தப் பக்கம் தள்ளினாலும் ஒரே இடத்தில் போய் முட்டற தண்டவாளத்தை நான் பார்த்ததே இல்லை.

வேலை: ஒண்ணும் நடக்கவில்லை.

பிப்ரவரி 25, ஞாயிறு

ஸ்டாப்பருக்கு நைலான் கட்டை வெட்டினேன். அரை இஞ்சு கம்மியாகப் போச்சு. டேப்பில் நம்பர் சரியாகத் தெரியவில்லை. வயசாகுது.

மச்சான் கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீயா வெட்டின?"

"கட்டைக்கு வெக்கமுங்க. உங்களப் பாத்ததும் சுருங்கிருச்சு."

சிரிச்சார். வேற நைலான் கோயமுத்தூரிலிருந்து வரணும். ஒரு வாரம் ஆகும். கோழிக்குழம்பு நல்லா இருந்தது என்று அக்காவிடம் சொன்னேன். என்ன ருசி என்று இப்போது கேட்டால் தெரியாது.

பிப்ரவரி 28, புதன்

இன்னும் முப்பத்திரண்டு நாள்.

மார்ச் 3, ஞாயிறு

தண்டவாளத்தில் ஓட்டை போட்டேன். எட்டில் ஒண்ணு சைஸ் ட்ரில்லுக்குப் பதிலாகக் கால் இஞ்சு ட்ரில் மாட்டியிருக்கிறேன். கவனிக்கவில்லை. ரிவிட் உள்ளே போய் லொட லொட என்று ஆடினது.

மச்சான் இந்தத் தடவை சிரிக்கவில்லை. கண்ணாடியை மூக்குக்கு இறக்கி என்னையே பார்த்தார். கண்டுபிடிச்சுட்டார் என்றே நெனைச்சேன். ஆனால் அவர் சொன்னது வேற:

"மறுபடியும் குடிக்கறயா மாப்ள?"

நான் குடியை விட்டுப் பதினாறு வருசம் ஆச்சு. "எப்பவாச்சுமுங்க" என்று தலையைச் சொறிஞ்சேன்.

போதாதா. அக்கா காதுக்குப் போயிடுச்சு. கரண்டியோடு வந்து நின்னாள். "பேரன் பேத்தி எடுக்கற வயசுல உனக்கு இந்தக் கருமம் வேணுமாடா? உன்ற பொண்டாட்டி பாவம் சும்மா விடுமா?" ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. பேசியிருந்தால் அழுதிருப்பேன். அழுதால் குடிகாரன் என்பது கெட்டியாகியிருக்கும்.

மச்சான் அந்த ஓட்டைக்கு அடியில் தகடு வைத்து அடைச்சுச் சரி பண்ண நாலு நாள் ஆகும் என்றார்.

மார்ச் 6, புதன்

வயித்து வலி. ஷெட்டுக்குப் போகவில்லை.

மார்ச் 7, வியாழன்

வயித்து வலி.

மார்ச் 10, ஞாயிறு

மத்தியானம் மூணு பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். அக்கா ரசம் எடுக்க உள்ளே போனாள். மச்சான் கை டம்ளரைப் பிடிச்சபடி நின்னுடுச்சு. வாய் மெல்ல ஆரம்பிச்சது. தண்ணி சாய்ந்து இலையெல்லாம் ஓடினது. உள்ளே அக்காவின் காலடி கேட்டது.

நான் என்ன செய்தேன் தெரியுமா. என்ற டம்ளரையும் தட்டி விட்டு, அவர் மேலே சாய்ந்து கட்டிப் பிடிச்சுக்கொண்டு, "மச்சான், நீங்க கெட்டிக்காரருங்க மச்சான்!" என்று உளறினேன். அக்கா வந்து பார்த்தால் குடிகாரத் தம்பி புருசன் தோளில் தொங்கறான். ரசக் கிண்ணத்தை டங்கென்று வைத்து, "எந்திரிடா, நாயே!" என்றாள்.

அதுக்குள் மச்சான் திரும்பி வந்துட்டார். நனைஞ்ச வேட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மேசைக்கு அடியில் என்ற முழங்காலை ஒரு தட்டு தட்டினார். நன்றியாம்.

அந்த நன்றியை எங்கே கொண்டு போய் வைப்பேன்.

மார்ச் 13, புதன்

பதினெட்டு நாள். கை தவறவும் இனிமேல் இடம் பாக்கி இல்லை. தண்டவாளம் ரெண்டடிதான்.

மார்ச் 17, ஞாயிறு

ஸ்டாப்பரை இன்னைக்கு ஒரு வழியாக மாட்டினேன். மூடியைத் தள்ளிப் பார்த்தால் இடது பக்கம் இழுக்குது. கட்டையைக் கோணலாக உட்கார வைத்திருக்கிறேன் போல.

மச்சானும் ஒரு தடவை தள்ளிப் பார்த்தார். அப்புறம் அமைதியாகச் சொன்னார். "உனக்குச் சிரமம் வேண்டாம் மாப்ள. பக்கத்துப் பட்டறையில சுப்பணன்னு ஒருத்தன் ஷட்டர் போடறானாமா. செவ்வாக்கெழம வரச் சொல்லீருக்கறன். ஒரு மணி நேர வேலைங்கறான்."

"சுப்பணனா! அவன் ஷட்டர் போட்ட பஸ்ஸுல சனங்க கொடை புடிச்சுட்டு உக்காந்திருக்குது!"

"பரவால்ல. மேல போனா மழையிருக்காது."

சுப்பணன் வந்தால் செவ்வாய்க்கிழமையே முடிஞ்சிடும். நான் கையில் வைத்திருந்தால்தான் 31ஆம் தேதி வரைக்கும் இழுக்க முடியும். பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு நானே வந்து முடிக்கிறேன் என்று கெஞ்சிக் கூத்தாடினேன். "கடைசித் தடவை" என்றார்.

மார்ச் 19, செவ்வாய்

காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தேன். நடந்ததை அப்படியே எழுதறேன்.

பழைய கட்டையைக் கழட்டினேன். அடியில் நான் போட்டு வைத்திருந்த கேவலமெல்லாம் தெரிஞ்சது. இதைப் பார்த்தால் சுப்பணன் கூடச் சிரிப்பான் என்று தோணினது. சரி, இந்த இடத்தை மட்டும் துப்புரவு பண்ணுவோம் என்று அரம் எடுத்தேன். பிசிறைத் தேய்ச்சதும் தகடு பளிச்சென்று வந்தது. பளிச்சென்று வந்த தகட்டில் கோணல் கட்டையை வைக்க மனசு வரவில்லை. புதுசாக வெட்டினேன். மயிரிழை பிசகாமல் உட்கார்ந்தது. பஸ் கதவுக்கு வைக்கிற ரப்பரில் ஒரு துண்டை அறுத்து முகப்பில் ஒட்டினேன். மூடியை மொத்தமாகக் கழட்டணும்னால் இழுத்து எடுக்கற மாதிரி ஸ்பிரிங் வைத்து ஒரு பின் செய்தேன். அதை யாரும் கேட்கவே இல்லை.

மூடியைத் தள்ளினேன். ஓடி வந்து ரப்பரில் தொட்டு, தூங்கற குழந்தையை மடியில் இறக்கற மாதிரி நின்னது. சத்தமே இல்லை. மறுபடியும் தள்ளினேன். முப்பது வருசத்தில் இப்படி ஒரு வேலை நான் செய்ததில்லை. பாட்டுப் பாடினேன். ஏழெட்டுத் தடவை தள்ளித் தள்ளி ரசிச்சுக்கிட்டிருக்கேன், பின்னாலிருந்து மச்சான் வந்து என்னை அப்படியே தூக்கிட்டார். அறுபது வயசு ஆள், என்ற எடை எண்பத்திரண்டு கிலோ.

"மாப்ள! மாப்ள! மாப்ள!"

அவர் தோள் மேலே இருந்து அந்த ஸ்டாப்பரைப் பார்த்தபோதுதான் நான் என்ன பண்ணித் தொலைச்சிருக்கேன் என்று உறைச்சது.

மார்ச் 20, புதன்

கையை வெட்டிப் போட்டால் கூடப் புண்ணியம் இல்லை. செய்து முடிச்சாச்சு.

மார்ச் 22, வெள்ளி

ஆபீசர் வந்தார். மூடியைச் சின்னப் பிள்ளை மாதிரி அஞ்சு தடவை தள்ளிப் பார்த்தார். "யார் பண்ணது?" என்றார்.

மச்சான் என்ற தோளில் கை போட்டு, "என்ற மாப்ள. பஸ் பாடி ஆளுங்க" என்றார். ஆபீசர் எனக்குக் கை கொடுத்தார். கையெழுத்துப் போட்டார்.

பழைய மில் முதலாளி ஒருத்தரின் ஓடுதளம் இருக்குது. வியாழக்கிழமை, 28ஆம் தேதி, காலை ஏழு மணிக்குக் காத்து அடங்கியிருக்கும்போது பறக்கிறது என்று முடிவு. மொதல் தடவை தனி ஆளாகத்தான் ஏறணுமாம்.

"நானும் வர்றனுங்க மச்சான். பக்கத்துல உக்காந்து பேச்சுத் தொணைக்கு."

"நீ ஏறினா மேல எந்திரிக்குமாடா?"

அக்கா வயிறு குலுங்கச் சிரிச்சாள். ஆபீசர் சிரிச்சார். நானும் சிரிச்சேன்.

மார்ச் 24, ஞாயிறு

கோயிலுக்குப் போய்ப் பூ வாக்குக் கேட்டேன். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், செவப்புப் பூ ஒரு பொட்டலம். மனசில் நெனைச்சதைச் செய்யலாம்னா வெள்ளை வரும், கூடாதுன்னா செவப்பு. சத்தியத்தை மீறலாமா தாயே என்று கேட்டேன். பூசாரி எடுத்துக் கொடுத்தார். செவப்பு.

மறுபடியும் கேட்டேன். செவப்பு.

"அப்படி என்ன கேட்டீங்க?" என்றார் பூசாரி.

"பொண்ணு பாக்கலாமான்னுங்க."

"யாருக்கு?"

"எனக்குத்தான். பின்ன உங்களுக்கா?"

அவர் சிரிச்சுவிட்டு, "ஒரே காரியத்துக்கு மூணாவது கேக்கக் கூடாது, போங்க" என்றார். கோயில் பின்னாடி போய் வேப்பமரத்தில் தலையை முட்டிக்கொண்டு நின்னேன். சாமியே வேண்டாம்னு சொல்லிடுச்சு. இனிமேல் யாரைக் கேட்பேன்.

மார்ச் 26, செவ்வாய்

மத்தியானம் மச்சான் பெட்ரோல் வாங்கப் போயிருந்தார். அக்கா சமையக்கட்டில் கீழே உட்கார்ந்து முறத்தில் அவரைக்காய் உரிச்சுக்கொண்டிருந்தாள். நான் போய் எதிரில் உட்கார்ந்தேன்.

"குடிச்சிருக்கறயா?"

"இல்லக்கா. பதினாறு வருசமா இல்ல."

நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப அன்னைக்கு?"

வாயைத் திறந்தேன். மச்சானுக்கு, என்றேன். அதுக்கு மேலே வரவில்லை. அக்கா கையில் இருந்த அவரைக்காயைப் போட்டாள்.

"மச்சானுக்கு என்ன?"

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கீட்டார்."

"எது மேல?"

நான் அவள் கழுத்தைக் காட்டினேன்.

அடுப்பில் குக்கர் கத்தினது. அக்கா எழுந்து அடுப்பை அணைச்சாள். முந்தானையில் கையைத் துடைச்சாள். அப்புறம் ரெண்டு கையையும் கழுத்துக்குப் பின்னாடி கொண்டு போய்த் தாலிக்கொடியைத் தலைவழியாகக் கழட்டினாள். முடியில் சிக்கினது. நிதானமாகச் சிக்கெடுத்தாள். கொண்டு வந்து முறத்தில், அவரைக்காய்க்கு நடுவே வைத்தாள்.

"அக்கா, போட்டுக்கோ. அக்கா, வேண்டாமக்கா."

"என்ற கழுத்துல இப்ப ஒண்ணுமில்ல. சொல்லு."

சொன்னேன். பொங்கலிலிருந்து ஒண்ணு விடாமல் சொன்னேன். ஓட்டையும் கட்டையும் கோணலும் சொன்னேன். வெறுங்கழுத்தில் ஒரு கையை வைத்துக்கொண்டு கேட்டாள். முடிச்சதும் கொடியை எடுத்து மாட்டிக்கொண்டு, வெளியே போய்க் கட்டில் மேலே உட்கார்ந்து அவர் வர்ற வழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெட்ரோல் கேனோடு வந்தவரை ஷெட்டுக்குள் கூட்டிப் போனாள். நான் வெளியே நின்னேன். சண்டைச் சத்தம் இல்லை. சண்டை போட்டிருந்தால் தேவலை. மச்சான் கெஞ்சறது கேட்டது.

"நாளன்னைக்கு ஒரு நாள். ஒரே ஒரு நாள் குடு செல்லா. இருவது நிமிசம்."

"குடுக்க மாட்டேன்."

"எட்டு வருசம்."

"குடுக்க மாட்டேன்."

மச்சான் வெளியே வந்தார். என்னைத் தாண்டிப் போனார், தூணைத் தாண்டிப் போற மாதிரி.

மார்ச் 28, வியாழன்

காத்தே இல்லாத காலை. வானத்தில் ஒரு துண்டு மேகம் கிடையாது. பறக்கறதுக்கென்றே செய்த நாள்.

ஏழு மணிக்கு வாடகைக் காரில் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நான் முன்னாடி, அவங்க ரெண்டு பேரும் பின்னாடி. மச்சான் வழி முழுக்க ஜன்னல் வழியாக மேலேயே பார்த்துக்கொண்டு வந்தார்.

மூளையை ஸ்கேன் பண்ணினார்கள். வலிப்பில் இது ஒரு வகையாம், கை கால் உதறாமல் வர்றது. மாத்திரை சாப்பிடணும், விடாமல். பைக் கூட ஓட்டக் கூடாது என்றார் டாக்டர். "பைக்கே கூடாதுன்னா..." என்று மச்சான் ஆரம்பிச்சு, நிறுத்திக்கொண்டார்.

அப்போது மணி பதினொண்ணே கால். அவர் ஏறியிருந்தால் அதுக்குள் இறங்கியிருப்பார். இல்லை, இறங்கியிருக்க மாட்டார். எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. அதுதான் இனிமேல் என்னை விடாது.

மார்ச் 31, ஞாயிறு

சர்ட்டிபிகேட் இன்னையோடு முடிஞ்சது.

போகலாமா வேண்டாமா என்று காலையெல்லாம் இருந்தேன். சாயங்காலம் போனேன். மச்சான் ஷெட் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"வாங்க" என்றார்.

பின்னாடி யாராவது வர்றாங்களா என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

"வாங்க, உக்காருங்க." ஸ்டூலைத் துண்டால் தட்டி என் பக்கம் நகர்த்தினார். "வீட்டுல எல்லாரும் சௌக்கியமுங்களா?"

"என்னுங்க மச்சான் இது, புதுசா? மாத்திரை வேல செய்யுதாட்டம் இருக்குது, எனக்கெல்லாம் மரியாதை தர்றீங்க!"

அவர் சிரிக்கவில்லை. கோவிக்கவும் இல்லை. "ஆமாங்க" என்றார்.

அக்கா தோசை ஊத்தினாள். பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். சட்டினி என் பக்கம் வர வேண்டியிருந்தபோது, "இத அவருக்கு வெய்யி" என்று அக்காவிடம் சொன்னார். அக்கா ரெண்டு பேரையும் பார்த்துவிட்டு உள்ளே போனாள். நான் மூணு கிண்டல் பண்ணினேன். மூணுக்கும் "சரிங்க" வந்தது.

கிளம்பினேன். வாசல் வரைக்கும் கூட வந்தார். சம்பந்தி வீட்டாரை அனுப்பற மாதிரி ரெண்டு கையும் சேர்த்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.

பைக் ஸ்டார்ட் ஆகவில்லை. அஞ்சாறு தடவை உதைச்சேன். வேற நாளாக இருந்தால், "தள்ளிப் போடா, மாடு மேய்க்கறவனே" என்று வந்து பிளக்கைக் கழட்டி ஊதி மாட்டியிருப்பார். உதைச்சபடியே ஓரக்கண்ணால் பார்த்தேன். கும்பிட்ட கையோடு நின்னுக்கிட்டே இருந்தார்.

வீடு வரைக்கும் நாலு கிலோமீட்டர், தள்ளிக்கொண்டே வந்தேன்.